இளமையில் பெற்ற அன்பும் இல்லற வாழ்வும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

    

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பைக் கண்டு சிலர் வியப்படைந்திருக்கலாம். நம் மேடைகளில் கல்வியைப் பற்றிப் பேசுவோம். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவோம். பஞ்சமி நிலத்தைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவோம். காதலையும் இல்லறத்தையும் பற்றி யாரும் பேசுவதில்லை. அவை வீட்டுக்குள் நடப்பவை, மேடைக்கு உரியவை அல்ல என்பது நம் பெரியோர் கொண்ட எண்ணம். ஆனால் படித்து, பணியில் அமர்ந்து, ஊர் மெச்ச மணம் முடித்த பிள்ளைகள் சிலர், மூன்றே ஆண்டுகளில் ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை நாம் காணத்தான் செய்கிறோம். அதற்குக் காரணத்தை மாமியாரிடம் தேடுகிறோம், சீர்வரிசையில் தேடுகிறோம், கைப்பேசியில் தேடுகிறோம். அவர்கள் பத்து வயதில் என்ன கண்டார்கள், என்ன கேட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பழமொழி. அது பாதி உண்மை என்பதே என் கருத்து. அந்தப் பாதி எது, மற்றப் பாதி எது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள பாஞ்சாகுளம் என்னும் சிற்றூரில் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிச் சிறுவர் சிலர் தின்பண்டம் வாங்கக் காசோடு கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு வந்துவிட்டது, உங்கள் தெருவுக்கு இனிப் பொருள் கொடுப்பதில்லை, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைத் தாமே படம் பிடிக்கவும் செய்தார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று, கைதுகள் நடந்தன, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சிறுவர்கள்? காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தக் குழந்தைகளுக்கு, கட்டுப்பாடு என்றால் இன்னதென்று அறியும் வயதுகூட இல்லை. இன்னும் பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் மணமேடை ஏறுவார்கள். கேட்டதற்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் கணத்தைத் தம் இல்லறத்துக்குள் எந்த வடிவத்தில் எடுத்துச் செல்வார்கள்?

இதைப் பற்றி மேனாட்டு அறிஞர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்து நாட்டு மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, போரினால் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு 1951இல் ஓர் அறிக்கை அளித்தார். பாலும் சோறும் போல, தன்னை விட்டுப் போகாத ஒருவரின் அன்பும் குழந்தைக்கு உணவே என்பது அவர் கண்ட முடிபு. அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, தாயையும் சேயையும் அருகிருந்து கண்டார். இந்த அறிவின் ஒரு பகுதி நம்மைப் போன்ற உழைக்கும் மக்களின் குடிசை வாயிலில் திரட்டப்பட்டது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். எல்லா அறிவும் இலண்டனில் விளைந்தது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.

பின்னர் 1987இல் சிந்தி ஹசான், பிலிப் ஷேவர் என்னும் இருவர் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் காதலைப் பற்றிய வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். விடையளித்த அறுநூற்றுச் சொச்சம் பேரில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர், நெருங்கிப் பழகுவதும் ஒருவரை நம்பியிருப்பதும் தமக்கு இயல்பாக வருகிறது என்றனர். 25 விழுக்காட்டினர் நெருக்கம் என்றாலே விலகி ஓடுபவர். எஞ்சியோர், தம்மை விட்டுப் போய்விடுவாரோ என்று ஓயாமல் அஞ்சுபவர். பெற்றோரைப் பற்றி இவர்கள் கொண்டிருந்த நினைவுக்கும் காதலில் இவர்கள் நடந்துகொள்ளும் முறைக்கும் தொடர்பு இருந்தது. நாளிதழைப் பார்த்துத் தாமே எழுதியவர்களின் விடைகள்தாம் இவை. இந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து நம் தெருவில் ஒட்ட முடியாது. ஆயினும் வகைகள் மூன்றும் நாம் அறிந்தவையே. வீட்டுக்கு வீடு பார்க்கிறோம்.

இந்த ஆராய்ச்சிகளில் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. அவர்கள் தாயின் மடியைக் கண்டார்கள். தெருமுனைக் கடையைக் காணவில்லை. நம் குழந்தைகளுக்கு முதல் ஆசிரியர் இருவர். ஒருவர் தாய், மற்றொருவர் ஊர். வயலிலிருந்தோ செங்கல் சூளையிலிருந்தோ அந்தி சாய்ந்து திரும்பும் தாய், பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கும் தாய், அவள் இல்லாத நேரத்தில் தம்பியை இடுப்பில் சுமக்கும் அக்காள், கஞ்சியில் பாதியை ஒதுக்கி வைக்கும் ஆத்தாள், இவர்களிடம் குழந்தை ஒன்றைக் கற்கிறது: நீ வேண்டப்பட்டவன். வாசலைத் தாண்டியதும் ஊர் மற்றொன்றைக் கற்பிக்கிறது: நீ வேண்டாதவன். ஒரே குழந்தையின் நெஞ்சில் இவ்விரண்டு பாடங்களும் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. பிற்காலத்தில் அவன் ஒரு பெண்ணை விரும்பும்போது எந்தப் பாடம் மேலெழுந்து வரும் என்பதுதான் கேள்வி.

இதற்கு அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அண்ணலைச் சட்ட மேதையாகக் கொண்டாடுகிறோம். ஒரு குழந்தையாக அவரை நாம் பார்த்ததே இல்லை.

1891இல் பிறந்த பீமராவ், பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளை. பிழைத்தவர் ஐவரே. தாய் பீமாபாய் மறைந்தபோது அவருக்கு ஆறு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அவரை வளர்த்தவர் தந்தையின் தமக்கை மீராபாய். முதுகு கூனியவர், மணவாழ்க்கை அமையாதவர். தாயற்ற பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டவர் அந்த அத்தைதான். பள்ளியில் பீமராவ் உட்காரக் கோணிச் சாக்கை வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் கடைநிலை ஊழியர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும்; ஊழியர் இல்லையேல் தண்ணீர் இல்லை. நாவிதர் முடிவெட்ட மறுத்ததால் அக்காளே தம்பிகளுக்கு முடி திருத்தக் கற்றுக்கொண்டார். இந்த ஒரு செய்தியில் நான் சொன்ன இரண்டு பாடங்களும் அடங்கியிருப்பதைப் பாருங்கள். ஊர் தொட மறுத்த தலையை அக்காள் தன் மடிமீது வைத்துக்கொண்டாள்!

1901ஆம் ஆண்டின் பயணம் பலரும் அறிந்தது. கோரேகாவில் பணியிலிருந்த தந்தையைக் காணச் சதாராவிலிருந்து நான்கு சிறுவர்கள் புத்தாடை உடுத்திப் புறப்பட்டார்கள். பீமராவுக்கு வயது ஒன்பது. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, கடிதம் உரிய நேரத்தில் கைக்கு எட்டாததால் யாரும் அழைத்துச் செல்ல வரவில்லை. சாதியைச் சொன்னதும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இரு மடங்கு கூலி தந்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்ட, வண்டிக்காரர் அருகே நடந்து வந்தார். கட்டுச்சோறு இருந்தது, தண்ணீர் இல்லை. இரவில் சுங்கச் சாவடியில் தண்ணீர் கேட்கும்போது உங்களை முஸ்லிம்கள் என்று சொல்லுங்கள் என வண்டிக்காரர் அறிவுரை கூறினார். பீமராவ் உருதுவில் அவ்வாறே சொல்லியும் தண்ணீர் கிடைக்கவில்லை. சோறு கையிலிருக்கப் பசியோடு படுத்தார்கள்.

ஒரு வாய்த் தண்ணீருக்காக ஒன்பது வயதுச் சிறுவன் தன் பெயரை மறைக்கக் கற்றுக்கொண்டான். இந்தச் சொற்றொடரை நினைவில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்ப வருவேன்.

வீட்டுக்குள்ளும் அவருக்குப் புண் உண்டு. தந்தை மறுமணம் செய்துகொண்டபோது, தன் தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருக்கக் கண்ட சிறுவனின் மனம் கொதித்தது. இனித் தந்தையின் காசில் வாழ்வதில்லை, பம்பாய் ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தான். வழிச்செலவுக்காக, உறங்கும் அத்தையின் இடுப்பிலிருந்த பணப்பையை எடுக்க இரவுக்கு இரவு முயன்றான். நான்காம் இரவு பை கைக்கு வந்தது. உள்ளே இருந்தது அரையணா! அன்றுதான் படித்துத்தான் தன் காலில் நிற்க வேண்டும் என்று அவன் உறுதி கொண்டான் என வாழ்க்கை வரலாறு கூறுகிறது. எதிரில் வாய்ப்பேச்சுக்கு நின்ற அதே தந்தைதான் பிற்காலத்தில் மகன் கேட்ட நூல்களுக்காக மணமாகிப் போன மகளின் நகையை இரவல் வாங்கி அடகு வைத்தார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். பரேலில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, பின்னிரவில் மகனைப் படிக்க எழுப்பிவிடுவதற்காகத் தாம் உறங்காமல் காத்திருந்தார்.

ஏறத்தாழ 1906இல், பைகுல்லா சந்தையில், கடைகள் மூடியபின் இரவில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ராமாபாய்க்கு வயது ஒன்பதளவே. அவரும் பெற்றோரை இழந்தவர். தாயற்ற இரு குழந்தைகளை ஊர் கணவன் மனைவி என்று அழைத்தது. அந்த இல்லறத்தைப் பொன்னுலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. கணவர் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்து நியூயார்க்கிலும் இலண்டனிலும் படித்தார். மனைவி இங்கே வறுமையோடு போராடினார். ஐந்து குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தார்கள். கடைக்குட்டி ராஜரத்தினம் 1926இல் இறந்தபோது அண்ணல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வாழ்க்கையின் சுவையே போய்விட்டது என்ற பொருள்பட மனம் திறந்து எழுதினார். நூல்களுக்குள் மூழ்கிக் கிடந்த கணவரோடு வாழ்ந்த அம்மையாரின் தனிமையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1935 மே 27இல் ராமாபாய் மறைந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்த தம் பாகிஸ்தான் பற்றிய நூலை அண்ணல் அவருக்கே காணிக்கையாக்கினார். துணையற்ற வறுமை நாள்களில் தம்மோடு சேர்ந்து துன்புற்ற அவருடைய பொறுமையைப் பெயர் சொல்லி நன்றியோடு குறித்தார். உலகம் படிக்கப்போகும் அரசியல் நூலின் முதற்பக்கத்தில், ராமு என்று வீட்டில் அழைத்த பெயரால், ஒரு கணவன் தன் மனைவிக்குத் தான் பட்ட கடனை எழுதி வைக்கிறான்!

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அண்ணல் பேசியதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண் தன் கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு மணம் முடிக்காதீர்கள் என்றார். ஒன்பது வயது மணமகளின் கணவராக வாழ்ந்தவர் சொன்ன சொல் அது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்ட நிலையில் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தபோதும் அதே எண்ணம்தான் அவரை நடத்தியது.

சாக்கில் உட்கார்ந்த சிறுவன் ஏன் வீட்டில் ஒரு சாக்கை விரித்து மனைவியை அதில் உட்கார வைக்கவில்லை? வெளியே வாங்கிய அவமதிப்பை வீட்டுக்குள் செலவிடுவோர் எத்தனையோ பேர் இருக்க, அவர் ஏன் அவ்வாறு ஆகவில்லை? அத்தை, அக்காள், தந்தை தந்த அன்பு ஒரு காரணம். மற்றொரு காரணம், பட்டதை அவர் ஒளித்து வைக்கவில்லை. 1935ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் வாழ்க்கைக் குறிப்பில் கோரேகாவ் பயணத்தை அணு அணுவாக எழுதினார். தமக்கு அழியாத வடுவைத் தந்த நிகழ்ச்சி என்று அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

நம் தமிழ்நாட்டிலிருந்தும் ஒருவரைச் சொல்கிறேன். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயமுத்தூரில் படித்த காலத்தில், உடன் படித்தோரில் மிகப் பெரும்பாலோர் பிராமண மாணவர்கள். தம் ஊர், சாதி, குடும்பம் ஆகியவற்றை யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, வகுப்பு தொடங்கும் வரை வெளியே எங்கேனும் தனியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் எவரும் நெருங்குமுன் விரைந்து வீட்டுக்குப் போய்விடுவார். விளையாட ஆசை இருந்தும் விளையாடியதில்லை. இதையெல்லாம் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலில், எண்பதை நெருங்கிய வயதில் எழுதினார். வட்டமேசை மாநாடு வரை சென்று வந்த பெருந்தலைவர், விளையாடாமல் போன மாலைப் பொழுதுகளை அந்த வயதிலும் மறக்கவில்லை.

அமெரிக்காவில் மேரி மெயின் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்துகிறது. பெற்றோர்களை அழைத்து அவர்களுடைய குழந்தைப் பருவத்தைச் சொல்லச் சொன்னார்கள். துன்பப்பட்டு வளர்ந்தவர் பிள்ளைகள் எல்லாம் கலங்கியிருக்கவில்லை. தம் துன்பத்தை முன்பின் முரணின்றி, மறைக்காமல், மிகைப்படுத்தாமல் சொல்லக்கூடிய பெற்றோரின் பிள்ளைகள் அவர்களிடம் அச்சமின்றி ஒட்டியிருந்தார்கள். சொல்ல முடியாதவர், எனக்கு ஒன்றும் நேரவில்லை என்று மூடியவர், இவர்களின் பிள்ளைகளே தடுமாறினார்கள். பழமொழியின் மற்றப் பாதி இதுதான். தொட்டிலில் நேர்ந்ததை மாற்ற முடியாது. அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் சொல்கிறோமா? தகப்பன் பண்ணையில் பட்டதை மகனிடம் சொல்வதில்லை. மகன் பள்ளியில் பட்டதைத் தகப்பனிடம் சொல்வதில்லை. எதற்கு வம்பு, பேசாமல் படித்து முன்னேறு என்பதே நாம் தரும் ஒரே மருந்து. ஏறத்தாழ முப்பதாண்டு வகுப்பறை வாழ்க்கையில் இத்தகைய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிப்பார்கள், கேட்டதற்கு மட்டும் விடை சொல்வார்கள், மதிய உணவின்போது தூணோரம் தனியே உட்காருவார்கள். நல்ல பையன் என்று ஆசிரியர்கள் பாராட்டுவார்கள். அவனை மணந்துகொள்ளப் போகிற பெண்ணுக்கல்லவா தெரியும், அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று!

மற்றொரு வகையும் உண்டு. வெளியே குனிந்தவன் வீட்டுக்குள் நிமிர்கிறான். அவன் நிமிர்வதற்கு மனைவியின் முதுகு வேண்டியிருக்கிறது. சாராயத்தை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. தாய்மார்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லக் கூசுகிறது. சொல்லாமல் விடுவது அதைவிடக் கூச்சம். அடிபட்ட சமுதாயம் என்பது நம் வீட்டில் அடிப்பதற்கு உரிமைச் சீட்டு அன்று. அந்த வீட்டுப் பையன் அதைப் பார்த்துக் கற்கிறான். அந்த வீட்டுப் பெண் குழந்தையோ, அன்பு என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று எண்ணி வளர்கிறாள்.

எதிர்ப்புறத்திலும் குழந்தைகளே இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியை அறிவித்துக்கொள்ளும் வழக்கம் நெல்லைச் சீமையில் ஆண்டுக்கணக்காக வேரூன்றியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்துவந்த நம் மாணவன் ஒருவனை, அவனோடு பள்ளியில் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், கயிறு, மோதிரம் முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிடலாம். பதினேழு வயதில் அரிவாள் எடுத்தவன், ஏழு வயதில் தன் வீட்டுத் திண்ணையில் என்ன கேட்டு வளர்ந்தான்? யாரை வெறுப்பது என்பதையே பாடமாகக் கேட்டவனுக்கு நாளை தன் மனைவியை, தன் மகளை விரும்பத் தெரியுமா? மகள் தன் விருப்பப்படி ஒருவனை மணந்தால் அவளையே கொல்லத் துணியும் தந்தையர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இளைஞர்களே, இனி உங்களிடம் நேராக வருகிறேன். நம் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஒரு பெண்ணோ ஆணோ நெருங்கிப் பழகும்போது, ஊர் எது என்பது முதல் கேள்வி; தென்காசிப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். கடையநல்லூரில் எந்தத் தெரு என்பது அடுத்த கேள்வி. அங்கே நா தடுமாறுகிறது. சுங்கச் சாவடியில் தண்ணீருக்காகப் பெயரை மறைத்தானே, அந்தச் சிறுவன் இங்கேதான் வந்து நிற்கிறான். மறைப்பவரை நான் பழிக்க மாட்டேன். வாடகை வீட்டுக்காரரிடம் மறைப்பது உங்கள் பாதுகாப்பு. ஆனால் வாழ்க்கைத் துணையாகப் போகிறவரிடம் தெருவை மறைத்துத் தொடங்கும் காதலில், ஒவ்வொரு நாளும் தாயை மறைக்க வேண்டும், தங்கையை மறைக்க வேண்டும். உங்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் முகம் மாறாதவர் யாரோ அவரே உங்களுக்கு உரியவர். மாறினால் அன்றே தெரிந்துவிட்டது நல்லது.

தங்கையருக்கும் ஒன்று. பொறுத்துப் போவதே பெண்ணின் குணம் என்று உங்கள் அம்மாவும் ஆச்சியும் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் எதைப் பொறுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால்தான் சொல்லவில்லை.

எழுத்தாளர் பாமா தம் 'கருக்கு' நூலில் (1992) ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைத் தொடாமல், நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மேல்சாதிக்காரரிடம் பணிந்து கொடுப்பதைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன்தான் அதன் பொருளை விளக்குகிறான். அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. பிறிதொரு நாள், படித்தால் இந்த இழிவை உதறலாம் என்றும் அவனே சொல்கிறான். பார்த்ததை வந்து சொல்ல ஒரு வீடு இருந்தது. விளக்க ஓர் அண்ணன் இருந்தான். பாஞ்சாகுளத்துக் குழந்தைகளுக்கும் அப்படி ஓர் அண்ணனோ அக்காளோ இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நம் கழகம் நடத்தும் மாலை நேர வகுப்புகளில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறோம். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், பாடநூலை மூடிவிட்டு, அன்று பள்ளியிலும் தெருவிலும் நடந்ததைப் பிள்ளைகள் சொல்லட்டும். வகுப்பெடுக்கும் இளைஞர்கள் அறிவுரை கூறாமல் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மணம் பேசி முடித்த ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும், திருமணத்துக்கு முன்பாக ஒரு முறை, நம் மூத்த தாய்மார் இருவர் முன்னிலையில் அமர்த்தி, தம் பத்து வயது வாழ்க்கையை ஒருவருக்கொருவர் சொல்லச் செய்யலாம் என்பது மற்றொரு வேண்டுகோள். சீர்வரிசைப் பட்டியல் பேச ஒரு நாள் முழுவதும் ஒதுக்குகிறோம்; இதற்கு ஒரு மணி நேரம் போதும். செலவு, ஒரு பாயும் இரண்டு குவளைத் தேநீரும்.